படி எடுத்தலும் படி ஒத்தலும்: ஏட்டுச்சுவடி முதல் வட்டுப் படிமம் வரை

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்றொரு சமண அம்மையார் வாழ்ந்தார். 993-இல் அஜித புராணம் பாடிய ரன்னன் என்னும் பெருங்கவிஞரை ஆதரித்தவர். லக்குண்டியில் 1007-இல் பெரிய ஜினாலயம் எழுப்பியவர். இவர் செய்த காரியங்களில் அடியேனை மிகவும் கவர்ந்தது கோயில் கட்டியது அன்று. பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆள் வைத்து 1000 ஓலைப் படிகள் எழுதுவித்து, அவற்றை நாடெங்கும் தானமாக வழங்கினாரே, அதுதான். அச்சு இல்லை, ஜெராக்ஸ் இல்லை. ஆயிரம் படி என்றால் ஆயிரம் தடவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என நான்கு தானங்களை எங்கள் சமயத்தார் சொல்வார்கள். அதில் நான்காவதான சாஸ்திர தானத்திற்கு இன்றளவும் இந்த அம்மையாரைத்தான் எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இதே கர்நாடகத்தில் உண்டு. மங்களூர்ப் பக்கம் மூடுபித்ரி என்ற ஊரில் தவளம், ஜயதவளம் முதலிய பழம்பெரும் ஆகம உரைகள் கன்னட எழுத்தில் ஓலைச்சுவடிகளாக இருந்தன. பல நூற்றாண்டுக் காலம் உலகத்தில் வேறெங்கும் அவற்றுக்குப் படி கிடையாது. யாத்திரை போனவர்கள் சுவடியைத் தரிசித்துக் கும்பிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் வேலையே தொடங்கிற்று. ஹீராலால் ஜெயின் பதிப்பாக அச்சேறத் தொடங்கியது 1939-இல். நடுவில் ஒரு தீவிபத்தோ வெள்ளமோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈழத் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாதவை போனது போனதுதான்.

கணினியைப் பற்றிய கட்டுரை என்று தலைப்பில் சொல்லிவிட்டு இவர் எங்கேயோ போகிறாரே என்று எண்ண வேண்டாம். ஒரு பொருளைச் சேதமில்லாமல் படி எடுப்பது, அந்தப் படிகளைப் பலருக்கும் சேர்ப்பது, மூலம் மாறும்போது படிகளும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்வது ஆகிய இந்த மூன்றும்தான் இன்றைக்குக் கணினித் துறையில் ஒரு பெரிய வித்தையாக வளர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இந்த ஊரில் அந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய தொழிலின் அடிப்படை என்ன என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ளலாம். அடியேன் கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். அவென்யூ ரோட்டில் காகித வியாபாரம். கடை மூடியபின் படித்தும், கையைச் சுட்டுக்கொண்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் படிமம் என்றால் என்ன என்று பார்ப்போம். கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கோப்புகள் சும்மா குவிந்து கிடப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, எப்போது எழுதியது, யார் திறக்கலாம் என்பதற்கெல்லாம் உள்ளே ஒரு பேரேடு உண்டு. இந்த ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். ஒரு கடையைக் காலி செய்து வேறு இடத்துக்குப் போகிறோம் என்று வையுங்கள். சரக்கை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அங்கே போய் மறுபடி அலமாரி அடித்து, ரகம் பிரித்து, சீட்டு ஒட்ட வேண்டும். அலமாரி, சீட்டு, பூட்டு, பேரேடு எல்லாவற்றோடும் கடையை அப்படியே பெயர்த்து வைக்க முடிந்தால்? கணினியில் அது முடியும். ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும், பேரேடு உட்பட, ஒரே கோப்பாக எழுதிவிடலாம். அதுதான் வட்டுப் படிமம். பிள்ளைகள் 'ஐஎஸ்ஓ' என்பார்களே, அது சிடி, டிவிடிகளுக்கான படிமம்.

இந்தியாவில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் பரவிய கதையே படிமம் பரவிய கதைதான், அதில் பெங்களூருக்குத் தனிப்பங்கு உண்டு. இங்கே வாழ்ந்த அதுல் சிட்னிஸ் என்பவர் 1996-இல் 'பிசி குவெஸ்ட்' பத்திரிகையோடு ஒரு லினக்ஸ் சிடியைச் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அன்றைய நிலையில் அது எத்தனை பெரிய உபகாரம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. தொலைபேசி மோடம் நொடிக்கு 56,000 பிட் என்பதே பின்னால் வந்த ஆடம்பரம். ஒரு சிடியில் ஏறத்தாழ 65 கோடி பைட். அந்த மோடம் எந்தத் தடையும் இல்லாமல் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு சிடியை இறக்க 26 மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது போன் எடுத்தால் தீர்ந்தது. ஆகவே புத்தகக் கடையில் பத்திரிகை வாங்குவதுதான் மிக வேகமான பதிவிறக்கமாக இருந்தது! பின்னால் 2001 முதல் இதே ஊரில் லினக்ஸ் பெங்களூர் மாநாடும், அது பெயர் மாறி ஃபாஸ்.இன் மாநாடும் நடந்தன. சிட்னிஸ் 2013-இல் காலமானார். 2005 முதல் 2011 வரை உபுண்டு நிறுவனத்தார் கேட்டவர்களுக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பினார்கள். என் மகள் கல்லூரியில் படித்தபோது நாலைந்து வாங்கித் தோழிகளுக்குப் பங்கிட்டாள். அதுவும் சாஸ்திர தானம்தான் என்று சொன்னேன், சிரித்தாள்.

ஆனால் தபாலில் வந்த சிடி வந்த அன்றே பழசு. ஆறு மாதத்தில் அடுத்த பதிப்பு வந்துவிடும். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு என்றால், மீதி ஒன்பது பங்கை மறுபடியும் இறக்குவது வீண்தானே? மாறியதை மட்டும் அனுப்பினால் போதாதா?

போதும். ஆனால் எது மாறியது என்று எப்படித் தெரியும்? பழைய படி பெங்களூரில் இருக்கிறது. புதிய மூலம் சென்னையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? பக்கத்தில் வைக்க வேண்டுமானால் ஒன்றை முழுசாக அனுப்பியாக வேண்டும். முழுசாக அனுப்பிவிட்டால் அப்புறம் வித்தியாசம் பார்த்து என்ன பயன்? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகிய இருவர். 1996-இல் அவர்கள் வெளியிட்ட கருவியின் பெயர் ஆர்சிங்க். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சூட்சுமம் ஒரு வியாபாரிக்குச் சுலபமாகப் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெங்களூர்க் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு 500 முதல் 1000 பைட் வரை என்று வையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு, துண்டுகளை அனுப்பாமல் கூட்டுத்தொகைப் பட்டியலை மட்டும் சென்னைக்கு அனுப்புகிறது. பட்டியல் சின்னது. சட்டென்று போய்விடும். சென்னைக் கணினி தன் புதிய கோப்பில் அந்தக் கூட்டுத்தொகைகள் எங்கெங்கே வருகின்றன என்று தேடுகிறது. ஒத்துப்போகும் இடத்தில் "உன்னிடமுள்ள 17-ஆம் துண்டையே போட்டுக்கொள்" என்கிறது. ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் புதிய எழுத்துகளை அனுப்புகிறது. பெங்களூரில் பழைய துண்டும் புதிய எழுத்துமாகச் சேர்த்துப் புதுக் கோப்பு தயார்.

இதில் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி புதிதாகச் செருகினால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்தின் கடைசி வரி இரண்டாம் பக்கம் போகும், இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி மூன்றாம் பக்கம் போகும். இப்படிக் கடைசி வரை எல்லாப் பக்கமும் ஒரு வரி நகர்ந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டால் எல்லாமே மாறிவிட்டதாகத் தோன்றும். ஆகவே சென்னைக் கணினி துண்டு துண்டாகத் தாவாமல், ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து நகர்ந்து கூட்டுத்தொகை போட்டுப் பார்க்க வேண்டும். 65 கோடி பைட் கோப்பு என்றால் 65 கோடி தடவை கூட்ட வேண்டுமே!

இங்கேதான் அந்த இருவரின் புத்திசாலித்தனம். கடையில் ஏழு நாள் விற்பனைக் கணக்குப் பார்ப்போம் அல்லவா? திங்கள் முதல் ஞாயிறு வரை மொத்தம் 90 ஆயிரம். நாளைக்குச் செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை ஏழு நாள் கணக்கு வேண்டும். மறுபடி ஏழு எண்ணையும் கூட்டுபவன் கணக்கன் அல்லன். போன திங்களின் 12 ஆயிரத்தைக் கழி, இந்தத் திங்களின் 15 ஆயிரத்தைக் கூட்டு, 93 ஆயிரம். ஒரு கழித்தல், ஒரு கூட்டல். ஆர்சிங்க் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இதை உருளும் கூட்டுத்தொகை என்கிறார்கள். எழுத்துகளின் வரிசையும் கணக்கில் வருமாறு கொஞ்சம் நுணுக்கமாக அமைத்திருக்கிறார்கள், ஆனால் தத்துவம் இதே.

வெவ்வேறு இரண்டு வாரங்களிலும் மொத்தம் 93 ஆயிரம் வரலாமே என்று கேட்பவர் நல்ல வியாபாரி. அதற்காகத்தான் இரண்டாவது சோதனை. முதல் கூட்டுத்தொகை ஒத்துப்போனால் மட்டும், இன்னும் வலுவான, போட நேரமாகிற, போலி செய்யக் கடினமான கைரேகை போன்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கும். முதலில் எம்டி4 என்ற முறையும், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் எம்டி5 என்ற முறையும் இதற்குப் பயன்பட்டன. வாசலில் ஆளைப் பார்த்து உள்ளே விடுவது ஒன்று, கையெழுத்தைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பது ஒன்று. வங்கியில் நாம் பார்ப்பதுதான்.

ஆர்சிங்கில் தேடும் பாரமெல்லாம் அனுப்புகிறவர் தலையில். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் அந்தக் கணினி படுத்துவிடும். காலின் ஃபிப்ஸ் என்பவர் செய்த இசட்சிங்க் இதைத் தலைகீழாக்கியது. மூலத்தின் கூட்டுத்தொகைப் பட்டியலை ஒரே ஒரு தடவை எழுதி வாசலில் ஒட்டிவிடுவார்கள். கேட்டு வருகிறவர்களே பட்டியலை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பழைய படியோடு ஒப்பிட்டு, இல்லாத துண்டுகளை மட்டும் வந்து கேட்பார்கள். ரிச்சர்ட் அட்டரர் என்பவரின் ஜிக்டோ வேறொரு வழி. டெபியன் லினக்ஸின் படிமத்தை யாரும் முழுசாகச் சேமித்து வைக்க வேண்டாம். உள்ளே இருக்கிற பொதிகள் எப்படியும் பல கண்ணாடித் தளங்களில் தனித்தனியாக இருக்கின்றனவே, எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கொடுத்தால் வீட்டிலேயே படிமம் கட்டிக்கொள்ளலாம்.

படிமத்தைச் சுருக்கிவிட்டால் மட்டும் இந்த வித்தைகள் எல்லாம் தடுமாறும். சுருக்கும்போது ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப்பின் வருவதெல்லாம் வேறாகிவிடுமல்லவா? அதனால் பின்னால் வந்தவர்கள் வெட்டும் முறையையே மாற்றினார்கள். இருபது வரிக்கு ஒரு பக்கம் என்று வெட்டாமல், உள்ளடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் வருகிற இடத்தில் வெட்டுவது. செய்யுளில் பாட்டு முடிகிற இடத்தில் பிரிப்பது போல. முதல் பாட்டில் ஒரு சொல் கூடினாலும் நூறாவது பாட்டு நூறாவது பாட்டாகவே இருக்கும். வெட்டிய துண்டுகளைத் தனித்தனியே சுருக்கி, அதனதன் கைரேகை எண்ணையே பெயராக வைத்து அடுக்கிவிடுவார்கள். 2017-இல் லெனார்ட் பெட்டரிங் வெளியிட்ட கேசிங்க் என்னும் கருவி, கோப்பு முறைமைப் படிமங்களை வழங்குவதற்கென்றே இந்த அடிப்படையில் செய்யப்பட்டது.

பலருக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பதற்குப் பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரண்ட் இன்னொரு நல்ல உபாயம். திருட்டு சினிமாவால் கெட்ட பெயர் வாங்கிவிட்டது, பாவம். கல்யாணப் பந்தியில் பரிமாற ஒருவரே இருந்தால் கடைசி இலைக்குச் சாம்பார் வருவதற்குள் முதல் இலை காய்ந்துவிடும். பாதி வாங்கினவர் தன் இலையிலிருந்து பக்கத்து இலைக்கு எடுத்துப் போட்டால் எப்படியிருக்கும்? எச்சில் ஆயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம். எண்களுக்கு எச்சில் கிடையாது, எடுத்துக் கொடுத்தாலும் குறையாது. ஒவ்வொரு துண்டின் கைரேகை எண்ணும் முன்பே பட்டியலில் இருப்பதால், முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த துண்டையும் சரிபார்த்து வாங்கலாம். பள்ளிக்கூடத்தில் 40 கணினிக்கு ஒரே படிமத்தை ஏற்ற வேண்டுமானால் தைவான் நாட்டார் செய்த குளோன்சில்லா உண்டு. ஒலிபெருக்கியில் ஒரு தடவை படிக்க எல்லாரும் எழுதிக்கொள்வது போல ஒரே ஓட்டத்தில் நாற்பதும் ஏற்றிக்கொள்ளும்.

இனி சரிபார்த்தலின் அருமைக்கு ஒரு உதாரணம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற பிரபலமான தளத்தில் புகுந்த திருடர்கள், பதிவிறக்கும் இணைப்பை மாற்றி, ரகசியக் கதவு வைத்த தங்கள் படிமத்தை மக்கள் இறக்கும்படி செய்துவிட்டார்கள். பார்வைக்கு அசலேதான். கைரேகை எண்ணை ஒப்பிட்டவர்கள் தப்பிக்க வழி இருந்தது. ஆனால் படிமத்தை மாற்றத் தெரிந்தவன், அதே பக்கத்தில் இருக்கிற எண்ணையும் மாற்றமாட்டானா? அதனால் அந்த எண்ணின்மேல் தயாரித்தவர்களின் மின்கையொப்பம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் தொகை சரியாக இருந்தால் மட்டும் போதுமா, கையெழுத்து யாருடையது என்று பார்க்கிறோமே, அது மாதிரி.

இத்தனையும் தெரிந்தவன் இனிமேல் சொல்லப்போகிற தவறைச் செய்தேன் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் செய்தேன்.

என் தந்தையார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர். ஊரிலும் சுற்றுவட்டத்திலும் நயினார் வீடுகளில் இருந்த ஓலைகளைப் பார்த்து, தோத்திரங்கள், விரதக் கதைகள், ஊர்க்கோயில் சம்பந்தமான பாடல்கள் என்று 11 நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். நோட்டுகளை நான் இங்கே கொண்டுவந்து ஸ்கேன் செய்தேன். சுமார் 1,900 பக்கம். வேலை முடிந்ததும் நோட்டுகளைத் திரும்ப ஊர் வீட்டிலேயே வைத்துவிட்டேன், அதுதான் முறை என்று. 2012-இல் ஒரு இரவு, பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்கு ஆர்சிங்க் போட உட்கார்ந்தேன். அதில் 'டிலீட்' என்று ஒரு துணைக்கட்டளை உண்டு. மூலத்தில் இல்லாதது எதுவும் படியிலும் இருக்கக்கூடாது, அழித்துவிடு என்று பொருள். இரண்டும் அச்சாக ஒத்திருப்பதற்கு அது வேண்டியதுதான். எது மூலம் எது படி என்ற வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். காலியாக இருந்த புது வட்டை மூலமாகவும், நிறைந்திருந்த பழைய வட்டைப் படியாகவும் கொடுத்துவிட்டேன். ஆர்சிங்க் சொன்னபடி செய்தது. சில நொடிகளில் இரண்டு வட்டும் அச்சாக ஒத்துப்போயின. இரண்டும் காலி!

பதறிப்போய் வேறு கோப்புகளை அந்த வட்டிலேயே எழுதி எழுதிப் பார்த்தது இன்னொரு மடத்தனம். அழித்த கோப்பு உடனே அழிவதில்லை, பேரேட்டில் பெயர் மட்டும்தான் போகும், மேலே வேறு எழுதாதவரை மீட்கலாம். எஸ்.பி. ரோட்டில் வட்டு மீட்கும் தம்பி இதைச் சொன்னபோது ஏற்கனவே காலம் கடந்துவிட்டது. ஆரணியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இரண்டு வருஷம் முன்பு மூன்று டிவிடியில் பதிந்து கொடுத்திருந்தது நினைவுக்கு வந்தது. "மாமா, பீரோவில்தான் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றான். இரண்டு டிவிடி முழுதாகப் படித்தது. அதில் எட்டு நோட்டு. மூன்றாவது கீறல் விழுந்து திறக்கவேயில்லை. அதில் இருந்தது 9, 10, 11. ஊர் வீட்டுக்கு ஓடினேன். முந்தைய மழையில் சுவர் ஒழுகி, அடித்தட்டில் இருந்த நோட்டுகளைக் கரையான் கொண்டுபோயிருந்தது. ஒன்பதாவது நோட்டு மட்டும் ஓரம் தின்றபடி கிடைத்தது. மறுபடி ஸ்கேன் செய்தேன். 10, 11 இரண்டும் போயின. தந்தையார் பார்த்தெழுதிய ஓலைகள் எந்தெந்த வீட்டில் இருந்தன என்ற குறிப்பும் பதினொன்றாவது நோட்டின் கடைசியில்தான் இருந்தது.

ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு என்று அன்று விளங்கிற்று. ஒத்திசைக்கிற கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. திருத்தத்தையும் கொண்டுபோகும், தவறையும் அதே வேகத்தில் கொண்டுபோகும். பெரிய கம்பெனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் நூறு கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் நூறோடு போயிருக்கும்.

நம் கைப்பேசிகளில் இந்த விஷயத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இயங்குதளத்துக்கு ஏ, பி என்று இரண்டு அறைகள் வைக்கும் முறை வந்தது. நாம் ஏ அறையில் இருந்துகொண்டு வாட்ஸப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய படிமம் பி அறையில் இறங்கும். மறுதொடக்கத்தில் பி-க்கு மாறும். அது சரியாக எழவில்லையென்றால் பழைய ஏ அறைக்கே திரும்பிவிடும்.

வீட்டில் நாமும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை. ஆர்சிங்கில் தேதிவாரியாகத் தனித்தனி அடைவு வைத்துப் படியெடுக்க வழி இருக்கிறது. மாறாத கோப்பை மறுபடி எழுதாமல், போன தேதிப் படியில் இருப்பதையே சுட்டிக்காட்டும் ஒரு பெயரை மட்டும் பதியும். ஒரே சரக்குக்குப் பத்துப் பேரேட்டில் பதிவு இருக்கிற மாதிரி. அதனால் 12 மாதத்துப் படி வைத்தாலும் இடம் ஒரு படிக்கும் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். இந்த மாதம் தவறுதலாக அழித்ததைப் போன மாத அடைவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு முன் 'ஒத்திகை' என்று ஒரு துணைக்கட்டளையும் உண்டு. எதை எழுதுவேன், எதை அழிப்பேன் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. அதைப் பார்க்காமல் இப்போது நான் எதையும் ஓட்டுவதில்லை. கடைசியில் ஒரு சாய்கோடு இட்டால் அடைவின் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இடாவிட்டால் அடைவே போகும். இந்த ஒரு கோட்டில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

இன்று நோட்டுப் படங்கள் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, ஆரணியில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்தின் கைரேகை எண்ணையும் ஒரு பட்டியலாக எடுத்து, காகிதத்திலும் அச்சிட்டு வைத்திருக்கிறேன் (காகித வியாபாரிக்கு இது கூட முடியாதா!). மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணியோடு ஒத்துப் பார்ப்போம். புதிதாக ஒன்றும் சேராத மாதத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகாது, பட்டியல் மட்டும் போய்வரும். மருமான் போனில், "எல்லாம் ஒத்திருக்கு மாமா" என்பான். 10, 11 என்ற இரண்டு அடைவுகளை அழிக்க மனம் வராமல் அப்படியே விட்டிருக்கிறேன். மூன்று இடத்திலும் அவை காலியாகவே ஒத்திருக்கின்றன.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இருப்பீர்கள். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஓலைக்கட்டோ கையெழுத்து நோட்டோ இருந்தால், அது எந்தச் சமயத்ததாயினும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். சங்க நூலகத்தில் ஒப்படைத்தால் மேற்சொன்ன முறையில் மூன்று படி எடுத்துத் தருகிறேன். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.